உருகுவதற்குள் லூர்து

டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினாலும் லூர்து எஞ்சினை அணைப்பதில்லை. ஒரு கால் தரையில் இருக்கும், மற்றது வண்டியில் இருக்கும். டிவிஎஸ் ஃபிப்டி நடுங்குகிற நடுக்கத்தில் கையிலிருக்கும் கண்ணாடித் தம்ளரும் நடுங்கும். கொதிக்கக் கொதிக்க இரண்டே மடக்கில் டீயைக் குடித்து முடிப்பார். நாக்கு வெந்துவிடாதா என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வெந்தா வேவட்டும் நைனா. நாக்கு என்னுது. பொட்டி அடுத்தவன்து."

அந்தப் பொட்டி பின்னால் இருக்கிறது. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பார். மீனம்பாக்கத்தில் விமானத்திலிருந்து இறங்கும் குளிர்ச் சரக்கை வாங்கி, வடசென்னையின் மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது லூர்துவின் தொழில். உள்ளே தடுப்பூசியா, ரத்தம் பரிசோதிக்கும் திரவமா, நாய்க்கடி மருந்தா என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. "இன்னா ஐட்டமோ, எவன் கண்டான்? நம்ம கணக்குல எல்லாம் ஐஸ் ஐட்டம். சில்லுனு வாங்கினோமா, சில்லுனு குட்த்தோமா, அவ்ளோதான்."

சூரியன்தான் அவருக்கு ஜென்மப் பகை. நம்மைப் போன்றவர்கள் சாலையைப் பள்ளம் மேடு பார்த்துத் தேர்ந்தெடுப்போம். லூர்து நிழல் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். எந்தத் தெருவில் எந்த வேளையில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று அவரைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். மரமே இல்லாத துறைமுகச் சாலையில் அவருக்கென்று ஒரு தந்திரம் உண்டு. ஏதாவதொரு கண்டெய்னர் லாரியைப் பிடித்துக்கொண்டு, அது போடும் நிழலுக்குள் வண்டியைச் செருகி, அது வேகமெடுத்தால் தானும் வேகமெடுத்து, அது தயங்கினால் தானும் தயங்கி, தாய் யானையின் வயிற்றடியில் நடக்கும் குட்டியைப் போலப் போய்க்கொண்டிருப்பார். லாரி டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி, "சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்துவார்கள். லூர்து கும்பிடு போடுவார். கும்பிடும் கைதான் அடுத்த நொடியில் ஆக்ஸிலேட்டரைத் திருகும்.

இந்த அவசரம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததா, தொழிலில் வந்ததா என்பது மனைவி ஜானட்டுக்கே தெரியாது. ராயபுரத்து ஒண்டுக் குடித்தனத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை அவள் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வாங்கினால் நின்றுகொண்டே தின்பார், வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே தின்பார். "சேர்ல ஆணியா கீது? குந்தேன்யா ஒரு நிமிஷம்" என்று ஜானட் கெஞ்சுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், ஒரு செருப்பைக் கழற்றியும் ஒரு செருப்பைக் கழற்றாமலும் நிற்பார். சாமியார் இறுதி ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கும்போது லூர்து வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருப்பார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதை லூர்துவைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தக் காலில் ஆயுள் முழுக்கக் கொட்டியது ஐஸ் தண்ணீர்.

ஆமாம், மீசை அரும்பிய நாளிலிருந்து அவர் ஐஸ்காரர். காசிமேட்டு ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பாளம் பாளமாகத் தோளில் சுமந்து படகுகளுக்குக் கொண்டுபோனவர். கோணிப்பை நனைந்து, முதுகு மரத்து, படகில் பாளத்தை இறக்கும்போது அது எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அன்றாடச் சோதனை. இளைத்துவிட்டால் படகுக்காரன் ஏசுவான். அங்கே கற்றதுதான் லூர்துவின் வேதம். குளிர் என்றால் நல்லது. அதிகக் குளிர் என்றால் அதிக நல்லது. இதற்கு மேல் உலகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஐஸ் தொழிற்சாலையில் பாளத்தை நொறுக்கும் தேசப்பன் அவருடைய பழைய தோஸ்து. லூர்து வந்து நின்ற வேகத்தில் போய்விடுவதைப் பார்த்து, "மாமு, உனுக்கு சாவே வந்தாலும் நின்னு ரெண்டு வார்த்த பேச மாட்ட" என்பார். லூர்து வண்டியைத் திருப்பிக்கொண்டே கத்துவார்: "செத்தா ஐஸ் பொட்டிலதானடா வெப்பீங்க? அப்ப படுத்துக்கினே பேசறேன். உருகாம மட்டும் பாத்துக்க."

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பிற்பகலை ஒரே கட்டடத்தில் கழித்த கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் லூர்துவைச் சொன்னதாக ஆகாது.

திருவொற்றியூரில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே முனைவர் பட்டத்துக்காக உழைக்கும் பெண் எழில்மொழி. வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து, குழாயடிச் சண்டைச் சத்தத்துக்கு நடுவில் படித்து மேலே வந்தவள். லூர்து அவளுக்குக் கொண்டுபோகும் பெட்டிகள் எல்லாம் உள்ளே கல்லாக உறைந்தவை. அவள் திறந்து பார்த்து, "சூப்பர்ணா, கல்லு மாதிரி இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு அவர் பறப்பார். வேறு யாரும் அவரைப் பாராட்டியதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சென்ற பங்குனியில் ஒருநாள் எழில்மொழி அவரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். வெளிநாட்டிலிருந்து தனக்கு ஒரு பொருள் வரப்போகிறது, அதை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும் என்றாள். அதன் பெயர் ஆன்டிபாடி.

"எம்மாம் பெருசும்மா?"

"கண்ணீர் சொட்டு அளவுதான்ணா."

"அய்ய! ஒரு சொட்டுக்கா இவ்ளோ பேஜாரு?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நம் தோலுக்கு அடியில் கொலாஜன் என்று ஒரு நார் இருக்கிறது. உடம்பைக் கட்டி வைத்திருப்பது அதுதான். தீக்காயம் ஆறும்போது சிலருக்கு அந்த நார் வெறிபிடித்த மாதிரி பெருகிவிடும். தழும்பு தடித்துச் சுருங்கி, விரலை உள்ளங்கையோடு இழுத்துவிடும், தாடையை நெஞ்சோடு ஒட்டிவிடும். ஏன் சிலருக்கு மட்டும் அப்படி ஆகிறது? ஸ்டவ் வெடித்து வெந்த பெண்கள் சிலர், அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த தழும்புத் துண்டுகளை அவள் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, மேலே இந்த ஆன்டிபாடியை விட்டால், அது மற்ற எதையும் தொடாமல் கொலாஜன் நாரை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு சாயம் ஊற்றினால், அது பிடித்த இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும்.

லூர்து ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்று யோசித்தார். "புரிஞ்சுபோச்சு. ஏலத்துல மீனு மல மாரி குமிஞ்சு கெடக்கும். நம்ம பார்ட்டி மீன மட்டும் தேடி வால நறுக்கி வெப்பான் ஒருத்தன். அவன்தான் இவன்."

"அவனேதான்ணா."

"அப்ப அவன் செத்து வந்துடக் கூடாது."

"வந்துட்டா நான் செத்தேன்" என்றாள் எழில்மொழி. விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அது விளையாட்டில்லை. இந்தக் கோடைக்குள் முடிவு கிடைக்காவிட்டால் இந்தத் தலைப்பைக் கைவிட்டு வேறு வேலையில் இறங்க வேண்டும் என்று அவளுடைய பேராசிரியை சொல்லிவிட்டிருந்தார். அப்புறம் அந்தத் துண்டுகள் அலமாரியில் கிடந்து பாழாகும்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நாளில் பெட்டி வந்தது. வழியில் ஏதோ ஓர் ஊரில் விமானம் தங்கிவிட்டதாம். லூர்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே அடுக்கியிருந்த குளிர்ப் பைகள் கூழ் மாதிரி தொளதொளத்துக் கிடந்தன. நடுவில் ஒட்டி மூடிய வெள்ளி நிற உறை இருந்தது. அதை அவர் தொடவில்லை. ஒட்டின உறையைக் கிழிப்பதில்லை என்பது அவர் வைத்திருக்கும் ஒழுக்கம். எழில்மொழிக்குப் போன் போட்டார்.

"ஐஸு பூட்ச்சும்மா! இன்னா பண்ண?"

"ஐயோ அண்ணா, எப்டியாவது குளிர் விடாம கொண்டாந்துடுங்கண்ணா. உங்களை நம்பித்தான் இருக்கேன்!"

உங்களை நம்பித்தான் என்ற அந்தச் சொல் லூர்துவின் காதில் ஊசி மாதிரி இறங்கியது. வண்டி பறந்தது. கிண்டியில் மரநிழல் கிடைத்தது, பாரிமுனையில் கட்டட நிழல் கிடைத்தது. காசிமேட்டை நெருங்கும்போது சாலை அப்படியே உறைந்து நின்றது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றன்பின் ஒன்றாக, இரும்பு மதில் போல நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். டிவிஎஸ் நுழையக்கூட இடுக்கில்லை. உச்சி வெயில் நேராகப் பெட்டியின் மேல் விழுந்தது. லூர்து சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போர்த்தினார். பனியனோடு ஹாரன் அடித்தார், கெஞ்சினார், ஏசினார். ஒன்றும் நகரவில்லை. உள்ளே ஒரு சொட்டு உயிர் சாகிறது, இங்கே இத்தனை பேர் படுத்துக் கிடக்கிறார்களே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டென்று வண்டியைத் தூக்கித் திருப்பி, சந்துக்குள் விட்டு, ஐஸ் தொழிற்சாலைக்குப் போனார்.

"தேசப்பா, ஒரு பாளம் நொறுக்கு! ஜல்தி!"

தேசப்பன் நொறுக்கினார். லூர்து கூழாய்க் கிடந்த பைகளை எடுத்தெறிந்துவிட்டுப் பெட்டிக்குள் ஐஸை அள்ளிக் கொட்டினார். அதோடு விட்டாரா? அதுதான் இல்லை. நீண்ட தூரம் போகும் இறாலுக்குக் காசிமேட்டில் ஒரு மரியாதை செய்வார்கள். ஒவ்வொரு அடுக்கு ஐஸுக்கும் நடுவில் ஒரு பிடி கல்லுப்பு போடுவார்கள். "உப்பு போடாத ஐஸு சொம்மா நக்கும். உப்பு போட்டாத்தான் கடிக்கும்" என்பது லூர்துவின் வாக்கு. எழில்மொழியின் சொட்டுக்கு அவர் ஒன்றுக்கு இரண்டு பிடியாகப் போட்டார். வெள்ளி உறையை நடுவில் புதைத்தார். "இப்ப சாவு பாப்போம்" என்று பெட்டியைத் தட்டிக் கட்டினார்.

லாரிகள் நகர்ந்து, அவர் ஆய்வுக்கூடத்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தபோது எழில்மொழி வாசலிலேயே நின்றிருந்தாள். உறையைப் பிரித்துச் சுண்டு விரல் நுனியளவு இருந்த சீசாவை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

உள்ளே வெள்ளையாக இருந்தது.

"எப்டி?" லூர்துவின் முகமெல்லாம் பல். "கல்லு மாரி கீதா?"

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் கையால் துழாவித் தேடி உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா? நல்லாதான கீது? போன தபா கொண்டாந்ததும் இப்டித்தான கல்லா இருந்துச்சு? சூப்பர்ணான்னு சொன்னியே?"

"அது வேறண்ணா" என்றாள். "அது உறைஞ்சே இருக்கணும். இது குளிரா இருக்கணும், ஆனா உறையவே கூடாது. உறைஞ்சா இதோட மடிப்பெல்லாம் குலைஞ்சிடும். நாரைப் புடிக்கிற கை உடைஞ்சிடும்."

லூர்து சீசாவைப் பார்த்தார். அதில் சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் சூட்டை எதிரி என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தார். குளிரும் கொல்லும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வலது கால் தானாக ஆடத் தொடங்கியது.

"நான்தான் சொல்லியிருக்கணும்" என்றாள் எழில்மொழி. "குளிர் விடாம கொண்டாங்கன்னு சொன்னேன். உறைய விடாதீங்கன்னு சொல்லல."

"அய்ய, நீ ஏன்மா..." சீசாவை மறுபடி எட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "செத்துச்சா பொயச்சுதான்னு பாக்க வழி கீதா?"

"இருக்கு. எது மேலயாவது விட்டுப் பாக்கணும். ஆனா அந்தப் பொம்பளைங்க குடுத்த சதைய இதுக்கு வீணாக்க மாட்டேன்ணா. அது திரும்பக் கிடைக்காது."

"என் தோல எடுத்துக்கோ. தொடைல எடு. எனுக்கு இன்னா ஆவப்போவுது?" லூர்து நிஜமாகவே கால்சட்டையைச் சுருட்டினார்.

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் வேணாம். மாட்டுக் கால்ல எலும்பையும் சதையையும் கட்டுற நரம்பு போதும். அது பூரா கொலாஜன்தான். இது மாட்டோடதையும் புடிக்கும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிவிட்டது.

புளியந்தோப்பில் கறிக்கடைக்காரர் இவருடைய அவசரத்தைப் பார்த்து, "இன்னா லூர்து, பொண்டாட்டி முழுவாம கீறாளா, நரம்பு சூப்பு கேட்டாளா?" என்று கிண்டலடித்தார். பதிலுக்குப் பதில் கொடுக்காமல் லூர்து போனது அன்றைக்கு ஒருநாள்தான். நரம்பைப் பாலித்தீனில் சுற்றி, உப்புப் போடாத வெறும் ஐஸில் வைத்து, திரும்பி வந்தார். எழில்மொழி அதில் ஒரு துணுக்கை வெட்டி ஓர் இயந்திரத்துக்குள் வைத்தாள். அது அந்தத் துணுக்கை உறைய வைத்துச் சீவத் தொடங்கியது.

லூர்துவுக்குப் பொறுக்கவில்லை. "கறிய உறைய வெக்கலாம், மருந்த உறைய வெக்கக் கூடாதா? இன்னா நியாயம்மா இது?"

"உறைஞ்சாத்தான்ணா மெல்லிசா சீவ வரும்."

"நல்லா கீதுமா உங்க படிப்பு."

சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, இளகி வந்திருந்த சீசாவிலிருந்து துளியூண்டு எடுத்து மேலே விட்டாள். ஈரத்துணி விரித்த டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "இனிமே காத்திருக்கணும்."

"எம்மாம் நேரம்?"

"அது போய்ப் புடிக்கிற வரைக்கும்."

லூர்து உட்கார்ந்தார். அவர் கால் ஆடியது. காலோடு மேசை ஆடியது. மேசையோடு டப்பா ஆடியது. "அண்ணா, மேசை" என்றாள். அவர் எழுந்து நடைவழிக்குப் போனார். அங்கே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். கதவில் கண்ணாடி இருந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் முகத்தை வைத்துப் பார்த்தார். டப்பா மூடியே இருந்தது. பைக்குள் போன் அலறியது. இரண்டு மருத்துவமனைகளின் பெட்டிகள் காத்திருந்தன. வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார். அப்படி அவர் சொன்னதை நம்பாமல் அலுவலகத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

நடந்து நடந்து அலுத்து, கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டினார். "எழிலு. யாருமா அவங்க? அந்தச் சதைய குட்த்தவங்க."

அவள் டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள். எல்லாரும் இந்தப் பக்கத்துப் பெண்கள்தான். கொடுங்கையூரில் சாபிரா என்று ஓர் அக்கா இருக்கிறாள். ஸ்டவ் வெடித்துக் கழுத்தெல்லாம் வெந்து ஆறியதில் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போனது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சாய்ந்துதான் பார்க்க வேண்டும். அறுவை முடிந்ததும் கையெழுத்து வாங்கப் போனபோது எழில்மொழி அவளிடம் ஒளிக்காமல் சொன்னாள், இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது அக்கா என்று. சாபிரா சொன்ன பதில் இது: "எனுக்கு வாணாம்டீ பாப்பா. எனுக்கு அப்பால வெந்து வர்றவளாவது கழுத்தத் திருப்பட்டும்."

லூர்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எத்தனையோ பெட்டிகளைச் சுமந்தவருக்கு, ஒரு பெட்டிக்குள் இருப்பது யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடைவழிச் சுவரில் சாய்ந்தவர், சரிந்து சரிந்து தரையிலேயே குந்திவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் ஜெபமா, வசவா, ஏதோ முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. விசிறி சுற்றி ஓய்ந்தது. அந்தக் கோடையில் அது அன்றாடம் நடப்பதுதான். ஜெனரேட்டர் கீழ்த்தளத்துக்கு மட்டும். எழில்மொழி அசரவில்லை. கழுவி, சாயம் விட்டு, மறுபடி கழுவி, மூலையில் கிடந்த பழைய மைக்ராஸ்கோப்பைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள். அடியில் கண்ணாடி உள்ளது அது. சாயங்கால வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத் தகட்டுக்குத் திருப்பிவிட்டுக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. லூர்து எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். பகலெல்லாம் அவர் பயந்து ஓடிய அதே வெயில்தான் இப்போது மைக்ராஸ்கோப்பின் ஓட்டைக்குள் போய்த் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தது.

"பாருங்கண்ணா" என்று நகர்ந்து இடம்விட்டாள்.

ஒற்றைக் கண்ணை வைத்தார். முதலில் அவருடைய இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அலையலையாக இழைகள், நைலான் வலையை நீளவாக்கில் முறுக்கிப் போட்ட மாதிரி. அந்த இழைகள் மட்டும் லேசான பழுப்பு.

"கலர் கீது! எழிலு, கலர் கீதும்மா!"

"இருக்குண்ணா. ஆனா தண்ணி டீ மாதிரி இருக்கு பாத்தீங்களா? டிகாஷன் மாதிரி இருந்திருக்கணும்." அவள் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டில் அரிசி பாதிதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பெண்ணின் நிதானம் அது. "முழுசா சாகல. பாதி கை உடைஞ்சிருக்கு. ஒரு துளி விடற எடத்துல ரெண்டு மூணு துளி விடணும். அப்போ எல்லாருக்கும் வராது."

அவள் அலமாரியைத் திறந்து, மெழுகில் பதித்த சின்னச் சின்னக் கட்டிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு பெண். பிறகு ஒரு கட்டியை எடுத்துத் தனியே வைத்தாள். யோசித்து அதை மறுபடி வரிசையில் சேர்த்தாள். வேறொன்றை எடுத்தாள். அதையும் தனியே வைக்க மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தாள். லூர்து அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாபிராவின் கட்டி எது என்று அவர் கேட்கவில்லை. அது எந்தப் பக்கம் போகும் என்றும் கேட்கவில்லை.

"நாளைக்கே ஆரம்பிக்கணும்" என்றாள் கடைசியில். பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "கரன்ட்டு இல்ல. ஃபிரிட்ஜோட ரப்பர் வேற போயிருக்கு, காத்து உள்ள போவும். ஏற்கனவே அடிபட்டது, இனிமே இது சூடும் தாங்காது."

"என்கிட்ட குடு" என்று சொல்லிக் கையை நீட்டினார் லூர்து.

சீசா அவள் உள்ளங்கையில் இருந்தது. உள்ளங்கை மெல்ல மூடிக்கொண்டது. அவள் வேண்டுமென்று மூடவில்லை. விரல்கள் தாமாகவே மடங்கின. மடங்கியதை இரண்டு பேரும் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

லூர்து நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மூலைக்குப் போய், நரம்பு வந்த பெட்டியைத் திறந்தார். பாதி உருகியும் பாதி உருகாமலும் ஐஸ் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரை வடித்தார். ஐஸைச் சமமாகப் பரப்பி, செய்தித்தாளை மடித்து மேலே வைத்தார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு மடிப்பு வைத்தார். அதன்மேல் ஈரத்துணியைச் சுருட்டி, நடுவில் ஒரு குழி செய்தார்.

பிறகு சீசா இருக்க வேண்டிய அந்தக் குழியில் தன் இடது கைச் சுண்டு விரலை இறக்கினார். மூடியைக் கையோடு சேர்த்துச் சாத்தினார்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"இரும்மா. வெரலு உறைஞ்சு மரத்துப் போவுதான்னு பாத்துக்கினு கீறேன்."

கீழே சாலையில் மறுபடி விழுந்த அடைப்பு விட்டிருக்க வேண்டும். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக் கிளம்பின. ஹாரன்கள் கட்டடத்தையே உலுக்கின. அவர் பைக்குள் போன் அடித்தது, ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. ஜன்னல் வெளிச்சம் மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. எழில்மொழி மூடிய கையோடு பக்கத்தில் வந்து நின்றாள். லூர்து கண்ணை மூடிக்கொண்டு, விரலை எடுக்காமல், இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி அப்படியே நின்றார்.